மாப்பிள்ளையின் கடைசி வறுவல்

கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டு வறுகடலைச் சாம்ராஜ்யத்தின் ஏகச் சக்கரவர்த்தியும், என் தங்கை மல்லிகாவைக் கட்டிக்கொண்ட பாவத்துக்காக என்னையும் சேர்த்துச் சகித்துக்கொண்டவருமான என் அன்பு மாப்பிள்ளை ஏழுமலைக்கு,

அண்ணாமலையானைச் சாட்சி வைத்து, வலது கையை நெஞ்சில் பதித்துச் சொல்கிறேன்: இதில் நான் எழுதப்போகும் கதையை எவனும் நம்ப மாட்டான். நீங்களும் நம்ப மாட்டீர்கள். உயிரோடு இருந்தபோதே நான் சொன்ன எதையும் நீங்கள் நம்பியதில்லை; ஆகவே போன இடத்தில் அதற்காகப் புதிதாகப் பழக வேண்டியதில்லை.

உட்கார்ந்து எழுதுகிறேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். என் செங்கம் ரோட்டு வீட்டின் கூடத்தில் நடந்துகொண்டே எழுதுகிறேன். ஒரு வரி எழுதுகிறேன், போய் அலமாரியைப் பார்க்கிறேன். திரும்பி வருகிறேன், என்ன எழுதினேன் என்பது மறந்துபோகிறது. வாடகைக்கு அறை எடுத்துத் தியானம் செய்யவந்த வெள்ளைக்காரர் ஒருவர் என் நடையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இதுவும் ஏதோ ஒரு தியான முறை என்று எண்ணிக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அலமாரியில் ஒரு தகர டப்பா இருக்கிறது. உள்ளே காப்பிக் கொட்டை. வறுத்தது நான். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அந்த டப்பாவுக்கு மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டியிருக்கிறது. கட்டியது யார் என்பதுதான் கதை.

இதைப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்ப்பவர்களுக்கு நம் காப்புச் சமாச்சாரம் புரியாது. அதனால் கொஞ்சம் பொறுங்கள், அவர்களுக்குச் சொல்லிவிட்டு வருகிறேன்.

ஐயா, இந்த ஏழுமலை வாரம் முழுக்கக் கடலை வறுத்து விற்றவர். சனிக்கிழமை சாயந்திரம் வேங்கிக்கால் வீட்டுக்கு வந்ததும், ஜவ்வாது மலையிலிருந்து வாங்கிவந்த பச்சைக் காப்பிக் கொட்டையை இரும்பு வாணலில் போட்டு வறுப்பார். முதன்முதலில் வறுத்தபோது கடலை வறுக்கிற பழக்கத்தில் மணலைக் கொட்டி வறுத்துவிட்டார். அந்தக் காப்பியைக் குடித்த எங்கள் எல்லாருக்கும் ஒரு வாரம் பல்லைக் கடிக்கும்போதெல்லாம் செய்யாற்றங்கரையில் நடக்கிற மாதிரி சத்தம் வந்தது. அரைக்கிற மிஷினின் பல் அன்றைக்கே போய்ச் சேர்ந்தது.

பிறகு மணல் போனது, பக்குவம் வந்தது. கொட்டை படபடவென்று வெடித்து, கருஞ்சிவப்பாகி, வீடே மணக்கும்போது முறத்தில் கொட்டி விசிறுவார். அந்த மணம் இருக்கிறதே! பௌர்ணமி அன்று வறுத்தால் கிரிவலம் வந்த ஜனம் பாதி வழி மாறி வேங்கிக்காலுக்கு வந்துவிடும்; போலீஸ் கயிறு கட்டித்தான் அவர்களை மலைப் பக்கம் திருப்பிவிடும். இவ்வளவும் நடக்கும். ஆனால் ஒரு வாய் காப்பி கிடைக்காது.

காரணம், அவர் அந்தக் கொட்டையை டப்பாவில் போட்டு, மேலும் கீழுமாக ஒரு மஞ்சள் கயிற்றைச் சுற்றி, அதில் ஒரு விரலி மஞ்சள் துண்டையும் கோத்து முடிச்சுப் போட்டுவிடுவார். திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் ஊரை விட்டுப் போகக் கூடாதல்லவா? அதுபோல, கொட்டைக்குக் காப்புக் கட்டினால் அது டப்பாவை விட்டு வரக் கூடாது. கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். அவர் அவிழ்ப்பது அடுத்த வெள்ளிக்கிழமை, சில வாரம் அதற்கும் மேல்.

விளக்கம் முடிந்தது. மாப்பிள்ளை, இனி நாம் பேசுவோம்.

எத்தனை சண்டை! "மணக்கும்போதே குடிக்கணும், மாப்ள. ஆறப் போட்டா அது பழசு" என்று நான் குதிப்பேன். நீங்கள் சிரிக்கக்கூட மாட்டீர்கள். "மச்சான், கடலைய சட்டியிலருந்து எடுத்த சூட்டுல வாயில போட்டுப் பாருங்க. நமுத்துத்தான் இருக்கும். ஆறுனாத்தான் மொறுமொறுன்னு வரும். இதுவும் அப்படித்தான். உள்ள காத்த அடக்கி வெச்சிக்குனு இருக்குது. அது மூச்சு வுட்டு முடிக்கட்டும்."

"நான் மூச்சு வுட்டு முடிச்சிடுவேன் போலருக்கே!"

"கையி அரிக்குதா? ஒரு வாட்டி மலைய சுத்திட்டு வாங்க."

சுற்றினேன். கொட்டை ஆறும் வரை நான் ஆறாமல் சுற்றிய சுற்றுக்கு, என் செருப்பு தேய்ந்த தூசியில் ஒரு குட்டி மலையே எழுப்பலாம். பக்தியால் முக்தி அடைந்தவர்கள் உண்டு. காப்பிக்குக் காத்திருந்து முக்திக்குப் பக்கத்தில் போனவன் நான் ஒருவன்தான்.

ஒரு முறை உங்கள் கைக்கு முந்திக்கொண்டு, மணம் போய்விடுமே என்று மூடியை அழுத்தி மூடிவிட்டேன். விடியற்காலை டமார்! மூடி பறந்து போய் ராஜகோபுரத்துக் கலசத்தில் பட்டுக் கணீரென்று ஒலிக்க, அன்றைக்குக் கோயிலில் பூஜையை அரை மணி முன்னதாகவே ஆரம்பித்துவிட்டார்கள். நீங்கள் மட்டும், "மூடி கட்டிலுக்கடியில கெடக்குது பாருங்க மச்சான்" என்றீர்கள். அதற்குப் பிறகு மூடியை லேசாக வைத்து, கயிற்றையும் இறுக்காமல் தளர்வாகத்தான் கட்டினீர்கள். கொட்டை மூச்சு விட வேண்டுமே.

அந்தக் கடைசிச் சனிக்கிழமையும் அப்படித்தான் கட்டினீர்கள். ஞாயிறு காலையில், தலைவாரிக்கொண்டிருந்த மனிதர் சீப்பைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தீர்கள். அவ்வளவுதான். என்ன அவசரம் உங்களுக்கு? எங்களுக்கெல்லாம் பொறுமை சொன்ன ஆள்தானே நீங்கள்?

இனி நடந்ததைக் கேளுங்கள்.

சென்னையிலிருந்து ஓடிவந்த உங்கள் மகள் திவ்யா, எல்லாம் முடிந்து வீடு கழுவியதும் முதலில் தேடியது அந்த டப்பாவைத்தான். அதை எடுத்துக்கொண்டு போய் உங்கள் போட்டோ முன்னால் வைத்துவிட்டாள். மாலை உங்களுக்கு ஒன்று, டப்பாவுக்கு ஒன்று. காலையும் மாலையும் ஊதுவத்தி, சாம்பிராணி. வந்தவர்களில் பாதிப் பேர் டப்பாவை ஏதோ குலதெய்வம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மல்லிகா? அவள் காப்பியைக் கையால் தொடவில்லை. நான் ஓட்டலிலிருந்து வாங்கிவந்து நீட்டினாலும், "வெச்சுட்டுப் போண்ணா" என்பாள். ஆறி, ஆடை கட்டி, அப்படியே இருக்கும். சோறும் பெயருக்குத்தான். மூன்று வேளைக் காப்பி குடித்த பெண் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் எனக்கு இருப்புக்கொள்ளுமா? வேங்கிக்காலுக்கும் செங்கம் ரோட்டுக்குமாக அலைந்தேன். நான் போய்வந்த வேகத்தில் வழியிலிருந்த வேகத்தடைகளெல்லாம் தரைமட்டமாகிவிட்டன.

எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான். உங்கள் கை வறுத்ததை அவள் ஒரு வாய் குடிக்க வேண்டும். குடித்தால் எழுந்துவிடுவாள் என்று ஏனோ தோன்றியது. ஆனால் கொட்டை யாருக்காகவும் காத்திருக்காதே! முதலில் முறுக்கிக்கொண்டு நிற்கும், பிறகு பதமாகும், அதற்கப்புறம் நாள் போகப் போக மணமெல்லாம் இறங்கிச் சவச்சவ என்று அட்டையை ஊறவைத்த தண்ணீராகிவிடும். நீங்கள் சொன்னதுதானே? அவசரப்பட்டே வாழ்ந்தவன் நான். வாழ்க்கையில் முதல் தடவையாக, தாமதமாகிவிடுமோ என்று பயந்தேன்.

திவ்யாவிடம் பக்குவமாகத்தான் பேச்செடுத்தேன். "அம்மாடி, அப்பன் வறுத்தது. அதுக்குன்னு ஒரு நேரம் இருக்குது. வுட்டா வீணாயிடும்."

"வீணாவட்டும் மாமா."

"இன்னாடி இது? குடிக்கத்தான வறுத்தாரு?"

அவள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்குக் காப்பி வேணாம் மாமா. இது அப்பா போட்ட முடிச்சு. அவரு கையால கட்டுனது வேற எதுவும் வீட்டுல இல்ல. அவுத்தா திரும்பக் கட்ட முடியுமா?"

ஊரிலேயே வாய் நீளமானவன் என்று பேரெடுத்தவன், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டேன். முடிச்சும் இருக்க வேண்டும், காப்பியும் இறங்க வேண்டும். எப்படி?

காரியத்துக்கு நாள் வந்தது. அன்று காலை மல்லிகாவின் கழுத்திலிருந்து கயிறு இறங்கியது. அதைப் பற்றி மட்டும் நான் விளையாட மாட்டேன்.

மொட்டை மாடியில் படையல். வடை, பாயசம், அதிரசம், உங்களுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் காரக்குழம்பு என்று இலை நிரம்பி வழிந்தது. ஓரத்தில் ஒரு டம்ளர் காப்பி. எட்டிப் பார்த்தேன், முகர்ந்தேன். பாக்கெட் காப்பி! வெந்நீரில் கலக்குகிற தூள்! கொட்டையை வாரக்கணக்கில் ஆறவைத்துக் குடித்த மகாராஜனுக்கு, கலக்கிய கையோடு ஒரு காப்பியா? கோபத்தில் விறைத்து நின்ற என் மீசையில் துணி காயப்போடலாம்.

கைப்பிடிச் சுவரில் சோறு வைத்தார்கள். காக்கா வரவில்லை. கூப்பிட்டார்கள், தொண்டை கட்டும் வரை கூப்பிட்டார்கள். எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு பெரிய கூட்டமே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றும் இறங்கவில்லை.

"ஏதோ கொற இருக்குது அவருக்கு" என்று பங்காளிகளில் யாரோ முணுமுணுத்தார்கள்.

நான் மண்டபத்தில் தீர்ப்பு வழங்குகிறவன் மாதிரி முன்னால் வந்தேன். "இன்னா கொறைன்னு எனக்குத் தெரியும். காப்பி! டப்பாவ எடுத்தாங்க!"

திவ்யா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "மாமா, காக்கா ரெண்டு வாட்டி வந்துச்சு. நீங்கதான துண்ட உதறி உதறி வெரட்னீங்க?"

"வேர்த்துச்சும்மா. விசிறிக்குனேன்."

"இவ்ளோ வேகமாவா?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்து அடங்கியது. அந்த நேரத்தில்தான் மல்லிகா எழுந்தாள். விறுவிறுவென்று கீழே இறங்கினாள். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். போட்டோ முன்னாலிருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

"அம்மா, வேணாம்மா" என்றாள் திவ்யா.

"அவுக்கலடி. பாரு."

டப்பாவைக் கொஞ்சம் சாய்த்தாள். கட்டைவிரலால் கயிற்றை மூடியின் ஓரத்துக்குத் தள்ளினாள். ஒரு சின்னத் திருகு. வளையம் முழுசாகக் கழன்று அவள் கைக்கு வந்துவிட்டது. முடிச்சு அப்படியே இருந்தது, மஞ்சள் துண்டு அப்படியே இருந்தது. அதை வாங்கி இரண்டு மூன்று சுற்றாகத் தன் மணிக்கட்டில் போட்டுக்கொண்டு திவ்யா விசும்பினாள்.

நான் வாயைப் பிளந்து நின்றேன். "இது எப்பிடி மல்லிகா? கைப் பழக்கம் மாதிரி இருக்குதே?"

"மூடி மூச்சு வுடணும்னு லூசாத்தானண்ணா கட்டுவாரு. எத்தினி வருசமா கழட்டிக்குனு இருக்கேன்."

மாப்பிள்ளை, நீங்கள் இருக்கிற இடத்தில் உட்கார ஏதாவது இருந்தால் உட்கார்ந்துகொள்ளுங்கள். நீங்களும் நானும் காப்புக்கு மரியாதை கொடுத்து, ஒருவர் கடையிலும் ஒருவர் மலையைச் சுற்றியும் கிடந்த காலமெல்லாம், என் தங்கை மத்தியானத்தில் ஒரு கைப்பிடி கொட்டையை எடுத்து, அரைத்து, குடித்து, ஃபில்டரைக் கழுவிக் கவிழ்த்து, கயிற்றைத் திரும்ப மாட்டிவிட்டு, ஒன்றும் அறியாதவள் போல் உங்களுக்குச் சோறு போட்டிருக்கிறாள். நம் இருவர் தலையிலும் மிளகாய் அரைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் டப்பா கொஞ்சம் கம்மியாக இருக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றியதே இல்லையா? அல்லது தெரிந்தும், அவளுக்கென்றே கயிற்றை இன்னும் கொஞ்சம் தளர்த்தினீர்களா?

அவள் அரைத்தாள். ஃபில்டரில் போட்டு வெந்நீர் ஊற்றினாள். அன்றைக்கு வறுத்ததாக இருந்தால் தூள் பொங்கி நுரைத்து, தண்ணீர் கிடைத்த சந்தில் ஓடி, டிகாஷன் வெளிறிப்போய் விழும். இது அசையவில்லை. லேசாக ஒரு தரம் உப்பி அடங்கியது; பிறகு சொட்டுச் சொட்டாக, கருந்தேன் மாதிரி இறங்கியது. அந்தச் சொட்டுகளுக்கு நடுவே இருந்த இடைவெளியில் நான் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்த தூரம், பாண்டிச்சேரி போய்த் திரும்புகிற தூரம் இருக்கும்.

முதல் டம்ளர் உங்களுக்கு. மாடியில் பாக்கெட் காப்பியை அகற்றி அதை வைத்தேன். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றேன். வந்தன பாருங்கள் காக்காக்கள்! மலைக்கு அந்தப் பக்கம் இருந்தவைகூடப் பறந்துவந்தன. ஊரே இருட்டிக்கொண்டு வர, கலெக்டர் ஆபீசில் விளக்குப் போட்டார்களாம். தலைவர் காக்கா ஒன்று சோற்றை விட்டுவிட்டு நேரே டம்ளரில் மூக்கை விட்டது.

இரண்டாவது டம்ளர் மல்லிகாவின் கையில். ஒரு வாய் உறிஞ்சினாள். நான் மூச்சை நிறுத்திக்கொண்டேன். புருவத்தைச் சுருக்கினாள்.

"சாம்பிராணி வாசன வருதே" என்றாள்.

நான் வாங்கி ஒரு மடக்குக் குடித்தேன். ஆமாம்! அத்தனை நாள் போட்டோ முன்னால் புகையை வாங்கிய கொட்டை அல்லவா? காப்பி நடுவில் கோயில் மணக்கிறது. போச்சு, கெடுத்துவிட்டார்களே என்று நான் தலையில் கைவைத்தேன்.

மல்லிகா சிரித்துவிட்டாள். "எண்ண தேச்சிக் குளிச்சிட்டு, தலைக்குப் புக போட்டுக்குனு வந்து நிக்கிறாரு போலருக்குதுண்ணா." சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே மிச்சத்தைக் குடித்தாள். டம்ளரை நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் ஊத்து."

பிறகுதான் அதைச் சொன்னாள். மெதுவாக, டம்ளரைப் பார்த்துக்கொண்டே. "வறுத்த மறுநாளு குடிச்சா தொண்டையக் கவ்வும். வெறும் பொகதான். நடுவுல ஒரு நாளு நல்லாருக்கற மாதிரி இருக்கும், ஆனா நாக்குல நிக்காது. அவரு அவுக்கற நாளுலதான் அந்த இனிப்பு வரும். எல்லாம் குடிச்சுப் பாத்துட்டேண்ணா. ஒரு வாட்டிகூட அவருகிட்ட சொல்லல. சொன்னா, கழட்டுனது தெரிஞ்சிடும்ல? நீதான் ஊருக்கெல்லாம் கத சொல்றியே. அவருகிட்ட சொல்லிடு."

அதனால்தான் இந்தக் கடிதம்.

இப்போதைய சேதி: திவ்யா சென்னைக்குப் போய்விட்டாள். கையில் கயிறு இருக்கிறது, சாயம் கொஞ்சம் வெளுத்துவிட்டதாம். உங்கள் டப்பாவில் மிச்சம் இருந்ததை நாங்கள் குடித்து முடித்துவிட்டோம். கடைசிக் கொட்டைகளில் அந்த இனிப்பு குறையத் தொடங்கியிருந்தது, சாம்பிராணி மட்டும் நின்றது. காலி டப்பாவை மல்லிகா கழுவி வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தபோது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "நான் வறுக்கறேன்" என்று சொல்லிவிட்டேன்.

வறுத்தேன். மணல் போடவில்லை. ஆனால் பாதி கருகல், பாதி பச்சை. முறத்தில் பார்த்தால் ஆடு மேய்ந்த காடு மாதிரி இருந்தது. மல்லிகா ஒரு கொட்டையைக் கடித்துப் பார்த்துவிட்டு, மொத்தத்தையும் டப்பாவில் போட்டாள். மஞ்சள் கயிற்றை எடுத்தாள். சுற்றினாள். இறுக்கி, மாப்பிள்ளை, சாய்த்தாலும் திருகினாலும் கழலாதபடி இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டு என் கையில் கொடுத்தாள். மூடியில் மட்டும் மூச்சு விட ஆணியால் ஒரு பொத்தல் வைத்திருக்கிறாள்.

"உன் வூட்லயே வெச்சிக்க. நான் வந்து அவுக்கற வரைக்கும் தொடக் கூடாது."

"எப்ப வருவ?"

"வருவேன். அரிச்சா மலைய சுத்திட்டு வா."

யார் குரலில் பேசினாள் என்று நினைக்கிறீர்கள்? வீட்டை விட்டு வெளியே வராதவள், செங்கம் ரோடு வரை வருவேன் என்கிறாள். அதற்காகவே நான் இந்த டப்பாவைத் தொடாமல் இருக்க வேண்டும். ஆனால் அலமாரியிலிருந்து மணம் வருகிறது மாப்பிள்ளை. கை அரிக்கிறது, கால் அரிக்கிறது, இல்லாத குடுமிகூட அரிக்கிறது. இதோ செருப்பை மாட்டிக்கொண்டுதான் இந்தக் கடைசி வரிகளை எழுதுகிறேன்.

சத்தியம் செய்கிறேன். அவள் கை வந்து அவிழ்க்கும் வரை இந்த முடிச்சைத் தொட மாட்டேன். அதுவரை மலையைச் சுற்றிக்கொண்டே இருப்பேன். அது வீணாய்ப் போன கொட்டையாக இருந்தாலும் அவளோடு உட்கார்ந்து குடிப்பேன், ஒரு டம்ளர் உங்களுக்கும் வைப்பேன்.

மற்றபடி, கலசத்தில் பட்ட மூடி, வழி மாறிய ஜனம், ஊரை இருட்டடித்த காக்கா எல்லாவற்றையும் வழக்கம்போல் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள். ஒரே ஒரு சின்னச் சங்கதி மட்டும் நிஜம். நீங்கள் சொன்னதுதான் சரி என்று மல்லிகா சொல்லச் சொன்னாள்.

மலைப் பாதையில், செருப்புக் காலோடு,
உங்கள் ஆறாத மச்சான்